துவக்கு இலக்கமும் பத்திர இலக்கமும்: வன்னிக் கமக்காரரின் கேள்விகள்

காலபோக விதைப்பு முடிந்து பன்றிக் காவல் தொடங்குகிற நேரத்தில்தான் துவக்குப் பத்திரம், அதாவது துப்பாக்கி அனுமதிப்பத்திரம், புதுப்பிக்கிற அலைச்சலும் வரும். எந்த மாதத்தில் எடுத்த பத்திரமென்றாலும் டிசெம்பர் 31உடன் அதன் ஆயுள் முடிகிறது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், துவக்குப் பேரேட்டைப் பல வருடம் கையில் வைத்திருந்தவன் என்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: இரும்பில் ஒரு இலக்கம், கடதாசியில் இன்னொன்று.

ஐயா, அப்பா காலத்து இரட்டைக்குழல் துவக்கு. பத்திரத்தில ஒரு இலக்கம், துவக்கில வேற இலக்கம். இப்ப எதை நம்புறது? (ஒட்டுசுட்டான்)

இரும்பைத்தான் நம்ப வேண்டும். ஆனால் நீங்கள் இரும்பில் சரியான இடத்தைப் பார்த்தீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி.

துவக்கை மடித்துத் திறந்து இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்தெடுங்கள். குழலின் அடியில், பூட்டோடு பொருந்துகிற தட்டையான இடத்தில் ஒரு இலக்கம் இருக்கும். பூட்டுப் பகுதியிலும் முன்கட்டையின் இரும்பிலும் அதே இலக்கம் இருக்கும். விசைக்காப்பு வளையத்திலிருந்து பின்னுக்கு நீளும் வாலிலும் சில இங்கிலாந்துத் துவக்குகளில் அதையே வெட்டியிருப்பார்கள். இரண்டு மூன்று இடத்தில் ஒன்றாக வருகிற அந்த இலக்கந்தான் தொடர் இலக்கம்.

அதே தட்டையான இடத்தில் வேறு எண்களும் நெருக்கமாக இருக்கும், ஏமாற வேண்டாம். 12 என்றால் போர், குழலின் பருமனைச் சொல்லும் எண். 18.4 போல வந்தால் குழலின் உள் விட்டம், மில்லிமீற்றரில். 65, 70 என்பவை தோட்டா இருக்கும் அறையின் நீளம். பெல்ஜியத் துவக்குகளில் முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்து இருக்கும். அது லியேஜ் நகரத்தின் பரிசோதனை முத்திரை. காப்புரிமை இலக்கம் என்று இன்னொன்றும் உண்டு. அந்த மாதிரியில் செய்த எல்லாத் துவக்கிலும் அது ஒன்றாகவே இருக்கும். அப்பாவின் பத்திரத்தில் இருப்பது அந்தக் காப்புரிமை இலக்கமோ என்று பாருங்கள். அப்படி எழுதப்பட்ட பத்திரங்களை நான் கண்டிருக்கிறேன்.

எங்கட ஊரில ரெண்டு பேரின்ர பத்திரத்தில ஒரே இலக்கம். ஒருத்தர் கள்ளமோ? (மாங்குளம்)

அவசரப்பட்டு யாரையும் கள்ளன் ஆக்காதீர்கள். தொடர் இலக்கம் அதைச் செய்த கொம்பனிக்குள்தான் தனித்துவமானது. ஒரு கொம்பனியின் 4512உம் இன்னொரு கொம்பனியின் 4512உம் வேறு வேறு துவக்கு. அதனால்தான் செய்தவர் பெயர், மாதிரி, போர், குழல் எத்தனை, குழல் நீளம் எல்லாம் சேர்த்து ஒப்பிட வேண்டும். இவை எல்லாம் ஒன்றாக இருந்து, இலக்கமும் ஒன்றாக இருந்தால் முன்பு சொன்ன காப்புரிமை இலக்கச் சிக்கலாக இருக்கலாம். இருவருமே துவக்கோடு போய்க் காட்டட்டும்.

என்னட்ட இருக்கிறது பைக்கால் ஒற்றைக்குழல். இலக்கத்துக்கு முன்னால விளங்காத எழுத்து ஒண்டு கிடக்கு. அதையும் எழுத வேணுமோ? (விசுவமடு)

கட்டாயம் எழுத வேண்டும், தம்பி. பைக்கால் ருஷ்யத் துவக்கு; அது ருஷ்ய எழுத்து, இலக்கத்தின் பகுதிதான். ஆங்கில என் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்று உண்டு, அதைப் பலர் என் என்றே எழுதிவிடுவார்கள். ஆர் எழுத்தைத் திருப்பிப் போட்டதுபோல இன்னொன்று. ஒரு வருடம் ஒருவர் என் என்று எழுதுவார், அடுத்த வருடம் வேறொருவர் விட்டுவிடுவார். மூன்றாம் வருடம் சோதனையில் மறித்த பொலிஸ்காரர் ஒத்துவரவில்லை என்பார். எழுத்தை இருக்கிறபடி வரைந்து, பக்கத்தில் படமும் ஒட்டிக் கொடுங்கள்.

எழுதுகிறவர்கள் விடுகிற பிழைக்கு நாங்கள் ஏன் அலைய வேண்டும்? (வவுனிக்குளம்)

உங்கள் கோபம் நியாயமானது. நானே செய்த பிழையைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், வரிசையில் சனம் நிற்க, துவக்கைப் பார்க்காமல் பழைய பத்திரத்திலிருந்து புதியதுக்கு இலக்கத்தை இறக்கினேன். பழைய பத்திரத்தில் வேர்வையில் கரைந்த ஒரு 3, என் கையெழுத்தில் 8 ஆனது. நான்கு வருடம் அது 8 ஆகவே பத்திரத்திலிருந்து பத்திரத்துக்குப் போனது. ஐந்தாம் வருடம் அந்தப் பெரியவரின் துவக்கு பொலிஸில் தடுத்து வைக்கப்பட்டது. விசாரணை முடிந்து திரும்பிவர அந்தப் போகமே முடிந்துவிட்டது. கதிர் முற்றின வயலைப் பன்றி உழுதுவிட்டுப் போன காலையில் அவர் கச்சேரிக்கு வந்து ஒன்றும் பேசாமல் வாங்கில் இருந்தார். இன்றைக்கும் எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு இரும்பைப் பார்க்காமல் ஒரு இலக்கமும் நான் எழுதவில்லை. நீங்களும் பத்திரம் கையில் கிடைத்த உடனே, படி இறங்க முதல், ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றே கண்டால் பிழையை அன்றே திருத்தலாம்.

பழைய பதிவைத் தேடிப் போனால் இங்கே இல்லை என்கிறார்கள். (அக்கராயன்)

உங்கள் பத்திரம் எந்த ஆண்டுக்குரியது? கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முன் நீங்கள் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உட்பட்டவர்கள், ஆகவே முதல் பதிவு அங்கே எழுதப்பட்டிருக்கும். முல்லைத்தீவுக்காரரும் இதேபோல மாவட்டம் பிரிந்த காலத்தைப் பார்க்க வேண்டும். அதன் பெரும் பகுதி முன்பு வவுனியாவோடு இருந்தது. பிறகு யுத்தம். கச்சேரிகளே இடம்பெயர்ந்தன. 2009இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய சனத்திடம் ஏடு எங்கே என்று கேட்க முடியுமா? பேரேடு இல்லாத இடத்தில் உங்கள் கையில் இருக்கிற கடதாசிதான் பேரேடு. காலாவதியான பத்திரம், துவக்கு வாங்கிய பற்றுச்சீட்டு, தோட்டா வாங்கிய துண்டு, எதையும் எறியாதீர்கள்.

எண்பதுகளில வீட்டுக்கு வந்து துவக்கைக் கொண்டு போட்டினம். பத்திரம் மட்டும் இருக்கு. அதைப் பற்றி இனி என்ன? (புதுக்குடியிருப்பு)

இனித்தான் முக்கியம், அண்ணை. உங்கள் பெயரில் அந்த இலக்கம் இன்னும் உயிரோடு இருக்கலாம். நாளைக்கு எங்கோ ஒரு கொள்ளையில் அந்தத் துவக்கு பிடிபட்டால் விசாரணை உங்கள் படலைக்குத்தான் வரும். எப்போது, எப்படிப் போனது என்று பொலிஸில் முறைப்பாடு பதிந்து, சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, அதன் பிரதிகளோடு கச்சேரிக்கு எழுத்தில் அறிவியுங்கள். திகதி சரியாக நினைவில்லை என்றால் எந்தப் போகம், எந்த இடப்பெயர்வுக்கு முன் என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரிந்ததாக எழுத வேண்டாம்.

கணவர் இறந்து ஏழு மாதம். துவக்கு அலுமாரிக்குள்ள கிடக்கு. மகனுக்கு மாற்றலாமா? (நெடுங்கேணி)

தங்கச்சி, பத்திரம் அவருக்குக் கொடுத்தது, துவக்குக்கு அல்ல. மகன் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதுவரை வீட்டில் வைத்திருக்காதீர்கள். மரணச் சான்றிதழ், பத்திரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் கிராம சேவகரைச் சந்தியுங்கள். பிறகு துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டில் தொடர் இலக்கம் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு வெளியே வாருங்கள். இலக்கம் இல்லாத சீட்டை வைத்து உங்கள் துவக்கைத் திரும்பக் கேட்பது கடினம்.

இடியன் துவக்கில இலக்கம் இல்லை. நாங்களே ஒண்டு வெட்டிப் பதியலாமோ? (முத்தையன்கட்டு)

கூடாது. இடியன் என்பது ஊரில் செய்கிற, குழல் வாயால் மருந்து இடித்து நிரப்புகிற துவக்கு. இலக்கம் வெட்டினால் துவக்கு சட்டத்துக்குள் வந்துவிடாது. துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் 1916இலிருந்து இருக்கிறது, 1996இன் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. பத்திரமில்லாத துவக்கில் நீங்கள் வெட்டுகிற இலக்கம் உங்களுக்கு எதிரான சாட்சியாகவே நிற்கும். வெளிநாட்டில் செய்த சில பழைய சொட்கன்களிலும் இலக்கம் இருக்காது, அது வேறு. அமெரிக்காவில் 1968க்கு முன் சொட்கனுக்கு இலக்கம் கட்டாயமில்லை. அப்படி ஒன்றுக்குப் பத்திரம் இருந்தால் அதைக் கச்சேரியில் காட்டி அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

மிருகம் தட்டினால் தானாக வெடிக்கும்படி வழியில் கட்டிவைக்கிற கட்டுத்துவக்கு பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து கட்டாதீர்கள். விறகுக்குப் போனவரின் காலையும் அது பன்றியின் காலாகத்தான் எடுக்கும். காணி துப்புரவாக்கும்போது புதைந்த ஆயுதம் எதையாவது கண்டால், இலக்கம் பார்க்கிறேன் என்று தொடக்கூடாது. அடையாளம் வைத்துவிட்டு விலகிப் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

கறள் பிடிச்சு இலக்கம் தெரியேல்ல. அரத்தால உரசிப் பார்க்கவோ? (பூநகரி)

அரமும் வேண்டாம், கம்பித் தூரிகையும் வேண்டாம். உரசிய இடத்தைப் பார்க்கிறவர் இலக்கத்தை அழிக்கப் பார்த்தார்கள் என்றே நினைப்பார். எண்ணெய் தொட்ட துணியை இரவு முழுக்கச் சுற்றி வைத்துக் காலையில் மெல்லத் துடையுங்கள். வெண்கட்டியைப் பூசி மேலால் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் எடுக்கலாம், சிறுவயதில் காசு தேய்த்தோமே, அதேபோல.

படம் அனுப்பியிருக்கிறேன், சரியாக வாசித்திருக்கிறேனா என்று பாருங்கள் ஐயா. (மடு)

தனியாக அனுப்பியது நல்லது, இலக்கத்தைப் பொதுவில் போட வேண்டாம். செய்தவர் பெயரும் போரும் சரி. மூன்றாவது இலக்கம் 3ஆ 8ஆ என்று என்னால் சொல்ல முடியவில்லை, நேர் வெளிச்சத்தில் மினுங்குகிறது. இருட்டினபிறகு ரோச் லைற்றைக் குழலோடு பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்.