ஆண்ட்ரோமீடா மட்டும் ஏன் கிட்டே வருகிறது?

கேள்வி: பிரபஞ்சம் விரிகிறது, கேலக்ஸிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன என்று படித்த என் மகள், "அப்படியானால் ஆண்ட்ரோமீடா நம் பால்வெளியை நோக்கி வருவது எப்படி?" என்று கேட்கிறாள். எது சரி சார்?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: இரண்டும் சரிதான். மகள் பிடித்த இடம் நல்ல இடம்.

பலூனில் பொட்டு வைத்து ஊதிக்காட்டும் வழக்கமான விளக்கத்தை நான் சொல்லப்போவதில்லை. பலூனில் உள்ள பொட்டு தானாக நகராது, கேலக்ஸி நகரும். குழப்பமே அங்கேதான்.

விரிவு தூரத்துக்கு ஏற்ப வளரும். ஏறத்தாழ ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கும் விலகும் வேகம் நொடிக்கு 70 கி.மீ. கூடுகிறது என்று வையுங்கள். (67ஆ, 73ஆ என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள், நமக்கு 70 போதும்.) ஆண்ட்ரோமீடா இருப்பது 25 லட்சம் ஒளியாண்டில். அந்தக் கணக்குப்படி விலகும் வேகம் நொடிக்கு 55 கி.மீ.கூட வராது. இரண்டு பெரிய கேலக்ஸிகளின் ஈர்ப்புக்கு முன்னால் அது எடுபடவில்லை.

இதைவிட வேடிக்கையானது எம்86 என்ற கேலக்ஸி. கன்னி ராசித் திசையில், 5 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் கொத்தாக இருக்கின்றன. அந்தக் கொத்து மொத்தமாக நொடிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் நம்மைவிட்டு விலகுகிறது. அதற்குள் இருக்கும் எம்86ஓ நொடிக்குச் சுமார் 240 கி.மீ. வேகத்தில் நம் பக்கம் வருகிறது! கொத்தின் ஈர்ப்பில் அது அவ்வளவு வேகமாக விழுந்துகொண்டிருக்கிறது. விழும் வழியில் அதன் சூடான வாயு பிய்ந்து, பின்னால் வால்போல நீண்டு கிடப்பது எக்ஸ்ரே படங்களில் தெரிகிறது. இன்னும் பல மடங்கு தூரம் போனால் இந்தச் சொந்த ஓட்டமெல்லாம் சில்லறை. அங்கே விரிவின் ராஜ்ஜியம்தான்.

ஒரு கேலக்ஸியின் வேகத்தை முதலில் அளந்தவர் வானியலாளர் வெஸ்டோ ஸ்லிஃபர். 1912 டிசம்பர் கடைசியில், அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லோவெல் வானாய்வகத்தில், ஒரே புகைப்படத் தகட்டில் மூன்று இரவுகள் ஆண்ட்ரோமீடாவின் ஒளியைச் சேர்த்தார். அந்த ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருந்தன; நெருங்கி வருவதன் அடையாளம் அது. வேகம் நொடிக்கு 300 கி.மீ., நம்மை நோக்கி. ஆக, முதல் அளவீடே விதிவிலக்காக அமைந்துவிட்டது. 1917க்குள் அவர் அளந்த 25 கேலக்ஸிகளில் 21 விலகின. தூரம் கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்று காட்டி 1929இல் வானியலாளர் எட்வின் ஹப்பிள் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இருந்த வேகங்களில் பெரும்பாலானவை ஸ்லிஃபருடையவை. அங்கே அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

கேள்வி: அந்த 300 கி.மீ. வேகத்தில் வந்து மோதினால் நம் கதி?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பதறாதீர்கள். 300இல் பெரும்பகுதி, பால்வெளி மையத்தைச் சூரியன் சுற்றும் வேகம். அதைக் கழித்தால் இரண்டு கேலக்ஸிகளும் நெருங்குவது நொடிக்குச் சுமார் 110 கி.மீ.தான். மோதல் நிச்சயம் என்றே முன்பு சொல்லிவந்தார்கள். 2025இல் வந்த ஓர் ஆய்வோ, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் அதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி என்கிறது. அப்படியே கலந்தாலும் நட்சத்திரங்களுக்கிடையே அவ்வளவு இடைவெளி இருப்பதால் ஒன்றோடொன்று முட்டுவது அபூர்வம். அதற்கு வெகுமுன்பே சூரியன் சூடேறிப் பூமியின் கடல்களை வற்றவைத்திருக்கும்.