பழைய சிடி 200க்குப் பெரிய கார்புரேற்றர் தேவையா?

கேள்வி: அப்பப்பா விட்டுப்போன ஹொண்டா சிடி 200 என்னிடம் இருக்கிறது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயிலும் ஓடிய வண்டி. இப்போது சந்தியில் நிறுத்தினால் எஞ்சின் நின்றுவிடுகிறது, முறுக்கினால் இழுவை இல்லை, பெற்றோலும் குடிக்கிறது. இணையத்தில் 28 மில்லிமீற்றர் 'ரேசிங்' கார்புரேற்றர் மலிவாகக் கிடக்கிறது. மெக்கானிக் "போட்டுப் பார்ப்பம்" என்கிறார். தினமும் சுன்னாகத்துக்கு வேலைக்குப் போய் வருவதுதான் என் ஓட்டம். வாங்கலாமா?
- வாசகர், கொக்குவில்

பதில்: வாங்க வேண்டாம். காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு விடுவது கார்புரேற்றர். அதன் வாய் பெருத்தால் உள்ளே போகும் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பெற்றோலை உறிஞ்சி எடுக்கும் பலமும் குறையும். பெற்றோல் பொடியாகப் பிரியாமல் துளித்துளியாகப் போகும். முழு முறுக்கில் ஓடும் பந்தயக்காரருக்கு இது பெரிதாகத் தெரியாது. கோண்டாவில், இணுவில், மருதனார்மடம் என்று சந்திக்குச் சந்தி பிரேக் பிடித்து, கால்வாசி முறுக்கில் போகிற உங்களுக்குத்தான் தெரியும். ஜெற் என்பது பெற்றோலை அளந்து விடும் சின்னத் துளை. அந்த ஓட்டத்தில் வேலை செய்வது பைலட் ஜெற்றும், முறுக்குக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஊசியும். மெயின் ஜெற் ஆட்சிக்கு வருவது முக்கால் முறுக்குக்கு மேலே. காங்கேசன்துறை வீதியில் காலை எட்டு மணிக்கு முக்கால் முறுக்கு யாருக்குக் கிடைக்கிறது?

பழையது உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று முதலில் பாருங்கள். உங்கள் வண்டி இரட்டைச் சிலிண்டர், 194 சிசி. இரண்டுக்கும் ஊட்டுவது ஒரே கார்புரேற்றர் என்பதால் கோளாறைப் பிடிப்பது சுகம். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வையுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரிக் கரி என்றால் கார்புரேற்றரையோ எயார் கிளீனரையோ சந்தேகிக்கலாம். ஒன்று கரி பிடித்து மற்றது நல்ல பழுப்பாக இருந்தால் வருத்தம் ஒரு பக்கத்தில் மட்டும்: பிளக் தொப்பி, வயர், வால்வு, இப்படி ஏதாவது. அதற்குக் கார்புரேற்றர் மாற்றுவது தலையிடிக்குத் தலையணை மாற்றின கதை.

அப்புறம் அந்த மண்ணெண்ணெய். பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகளுக்கு நடந்த கைவைத்தியம் கொஞ்சமல்ல. ஜெற்றுகளைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளையின் ஓரம் வட்டமாக, வழவழப்பாக இருக்க வேண்டும். கம்பி விட்டுக் குடைந்த கீறல் தெரிந்தால், மேலே பொறித்திருக்கும் அளவு இலக்கத்தை நம்ப முடியாது. பெற்றோல் குடிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஊசி ஏறி இறங்கும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும் நடு முறுக்கில் பெற்றோல் அள்ளிக்கொண்டு போகும். ஜெற், ஊசி, மிதவை ஊசி, ஓ ரிங் அடங்கிய திருத்தச் செற் ஒன்று போதும், செலவும் குறைவு.

காற்று ஒழுக்கையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது கார்புரேற்றரை எஞ்சினோடு சேர்க்கும் குழாயின் (மெனிபோல்ட்) இணைப்புகளைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஓடும் சத்தம் மாறினால் அங்கே ஒழுக்கு. (பெற்றோல் தெளித்துப் பார்க்கிற வீரர்கள் இருக்கிறார்கள். சூடான எஞ்சினில் அது வேண்டாம்.)

இவ்வளவுக்கும் பிறகு, உள்ளே ஏறி இறங்கும் சிலைட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறதா? சரி, அப்போது மாற்றத்தான் வேண்டும். பழையதைக் கையில் கொண்டு கடைக்குப் போங்கள். வாயின் விட்டம் அதே அளவு, போல்ட் துளைகளின் இடைவெளி அதே அளவு. சோக் பிடி, ஐடில் ஸ்குரூ இரண்டும் கைக்கு எட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குரிய ஜெற் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள், கிடைக்காதென்றால் விட்டுவிடுங்கள். பளபளக்கும் புதுப் பிரதியை விட, சிலைட் தேயாத பழைய ஒறிஜினலே என் தெரிவு. கொழும்பு போகிறவர் யாரும் இருந்தால் பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லலாம். பிரபல பெயர் பொறித்த போலிகள் நிறைய வருகின்றன. எழுத்து மழுங்கி, ஜெற்றில் இலக்கமே இல்லாமல் இருந்தால் தொடவே வேண்டாம்.

பூட்டிய பிறகு எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றி எறியாதீர்கள். எறிந்தால் காற்று கூடி ஜெற் கணக்கெல்லாம் மாறும். பெற்றோல் கூடிப் புகைத்தாலோ புகைப் பரிசோதனையில் விழுந்து, வருடாந்த வாகன அனுமதிப்பத்திரமும் கிடைக்காமல் இழுபடும்.

கேள்வி: கடையில் ஒறிஜினல் என்று சொல்லித் தந்த கார்புரேற்றர் போலி என்று பூட்டும்போதுதான் தெரிந்தது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். பில்லும் தரவில்லை. என்ன செய்வது?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: பில்லை இப்போதும் கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. பில்லில் 'ஒறிஜினல்' என்றும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அதுவே ஒரு பதில். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம், தொலைபேசி 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால் நாளைக் கடத்தாதீர்கள். பெட்டியையும் பொருளையும் படம் எடுத்து வையுங்கள், அதில் இனிக் கம்பி விட்டுக் குடைய வேண்டாம்.