நின்றபடியே வேலை செய்பவருக்கு நான்கு கட்ட அட்டவணை பொருந்துமா?

கேள்வி: எனக்கு வயது 38. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியை நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி உணவு, தனி உடற்பயிற்சி என்று கூறும் வீடியோ ஒன்றை என் மகள் காட்டினாள். என்னைப் போன்றவர்களால் அப்படி வாழ முடியுமா? சில மாதங்களாக இரண்டாம் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்துவிடுகிறது, இடுப்பு விட்டுப்போகிறது.
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, கட்டத்துக்குக் கட்டம் உணவை மாற்றினால் நன்மை உண்டு என்பதற்குப் போதிய சான்று இதுவரை இல்லை, அதைச் செய்ய முடியவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம். ஆனால் உடலின் நிலை மாதம் முழுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது உண்மை.

உதிரப்போக்கு தொடங்கும் நாளே முதல் நாள். அங்கிருந்து அடுத்த மாதவிடாய்க்கு 21 முதல் 35 நாள் வரை ஆகலாம். கருமுட்டை வெளிப்பட்ட பிறகு வரும் பகுதி பெரும்பாலும் இரண்டு வாரமாகவே இருக்க, கூடுவதும் குறைவதும் அதற்கு முந்தைய பகுதிதான் என்பதால், 14ஆம் நாளை எல்லாருக்கும் பொதுவாக வைத்துப் போடும் கணக்கு பலருக்குப் பிசகிவிடும். பிற்பாதியில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரந்து உடல் வெப்பத்தைச் சற்றே கூட்டுகிறது. கடைசி வாரத்தில் வயிற்று உப்புசம், மார்பு வலி, எரிச்சல், தூக்கக் குறைவு ஆகியவை சிலருக்கு வரும்.

ஆகவே, வீட்டு நாட்காட்டியில் தேதியைச் சுழித்து, வலி, தூக்கம், நாப்கின் எண்ணிக்கை ஆகியவற்றை மூன்று மாதம் ஓரிரு சொற்களில் குறித்து வாருங்கள். எந்த நாள்கள் உங்களுக்குக் கடினமானவை என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்த நாள்களில் அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடத்தை மாடிக்குத் தூக்கும் வேலையை வீட்டில் வேறு ஒருவர் செய்யட்டும். கடையிலும் உட்காரத் தயங்காதீர்கள்: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், ஊழியர்களுக்கு இருக்கை அமைத்துத் தர வேண்டும் என்றும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரலாம் என்றும் கூறுகிறது. அது உங்கள் முதலாளி காட்டும் சலுகையன்று.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது உங்கள் கடைசி வரிதான். இரண்டு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைவதை, வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. கர்ப்பப்பைக் கட்டி, தைராய்டு கோளாறு எனக் காரணம் பலவாக இருக்கலாம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. முருங்கைக்கீரையும் நெத்திலியும் நல்லவையே, சாப்பிட்டவுடன் தேநீர் குடிப்பதைத் தவிர்ப்பதும் நல்லதே. என்றாலும் இவ்வளவு இழப்பை உணவு மட்டும் ஈடுசெய்யாது. மூன்று மாதக் குறிப்பு முடியட்டும் என்று காத்திராமல், இந்த வாரமே இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ சென்று இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். நாட்காட்டியில் அதுவரை குறித்ததைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.