ஆயர் இல்லத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது: அங்கே உட்காரும் நீதிபதிகள் யார்?

கேள்வி: என் தங்கைக்கு எங்கள் பங்குக் கோவிலில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பல ஆண்டுகளாகக் கடுமையான மனநோய் இருந்ததையும், மருந்து சாப்பிட்டு வந்ததையும் மறைத்துவிட்டார்கள். சில மாதங்களிலேயே தங்கை எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரி மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தோம். இப்போது விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதில் மூன்று நீதிபதிகளின் பெயர்கள் உள்ளன. ஒருவர் மாப்பிள்ளை வீட்டாருக்கு மிகவும் வேண்டிய குருவானவர். இவர்களுக்கு என்ன அதிகாரம்? நியாயம் கிடைக்குமா? தீர்ப்பு வந்தவுடன் தங்கைக்கு மறுமணம் பேசலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பல குடும்பங்கள் வழுக்கி விழும் இடம் அதுதான்.

பேசக் கூடாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்தால், நாட்டுச் சட்டத்தின் கண்ணில் உங்கள் தங்கை கணவர் உயிரோடு இருக்கும்போதே இன்னொருவரை மணந்தவர் ஆகிவிடுவார். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு இதற்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை சொல்கிறது. மோளி ஜோசப் எதிர் ஜார்ஜ் செபாஸ்டியன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: திருச்சபைத் தீர்ப்பாயம் கொடுக்கும் அறிவிப்பு, சட்டப்படியான திருமணத்தைக் கலைக்காது. அந்தத் தீர்ப்புகளுக்குச் சட்ட மதிப்பு கொடுக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவையும் 2017இல் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. திருச்சபைச் சட்டமும் இதில் முரண்படவில்லை. திருமணத்தின் சமூக, சட்ட விளைவுகள் அரசு நீதிமன்றத்துக்கு உரியவை என்று அதுவே ஒப்புக்கொள்கிறது.

ஆகவே, கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தின்படி அரசு நீதிமன்றத்தில் தனியாக மனு போடுங்கள். திருமண நாளில் ஒருவர் மனநலம் இழந்திருந்தாலோ, மோசடியால் சம்மதம் பெறப்பட்டிருந்தாலோ திருமணத்தைச் செல்லாதது என்று அறிவிக்க அதிலும் வழி உண்டு. மாப்பிள்ளை வீட்டார் ஒத்துவந்தால், 2001 திருத்தம் கொண்டுவந்த 10-ஏ பிரிவின்படி பரஸ்பர சம்மத மணமுறிவும் கோரலாம். உங்கள் சூழ்நிலைக்கு எது பொருந்தும் என்பதைக் குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் சொல்வார். கோவிலில் மறுமணம் நடக்கத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு வேண்டும். சட்டப்படி அது நிற்க நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டும். இரண்டும் கையில் வரும்வரை பொறுத்திருங்கள்.

இனி, அந்த மூவர் யார் என்பதற்கு வருவோம். ஒரு மறைமாவட்டத்தின் முதல் நீதிபதி ஆயர்தான். மற்ற நீதிபதிகளின் அதிகாரம் அவர் வழியாகவே வருகிறது. இந்தப் பழக்கம் நான்காம் நூற்றாண்டுக்குரியது. பேரரசர் கான்ஸ்டன்டைன் 318இல், வழக்காடுவோர் தங்கள் வழக்கை ஆயரிடம் கொண்டுபோக அனுமதி கொடுத்தார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த புனித அகுஸ்தீனார் சில சமயம் நாள் முழுவதும் சாப்பிடாமல்கூட மக்களின் வழக்குகளைக் கேட்டார் என்று அவரோடு வாழ்ந்த பொசிதியுஸ் எழுதியிருக்கிறார். பிறர் வழக்குகளின் சிக்கலில் உழல்வதைவிடத் துறவிகளைப் போலக் கையால் உழைப்பதே மேல் என்று அகுஸ்தீனாரே ஏங்கியிருக்கிறார். அந்தச் சுமையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, திருச்சபைச் சட்டம் படித்த தனி நீதிபதிகளிடம் ஆயர்கள் ஒப்படைக்கத் தொடங்கினார்கள். உங்களுக்கு வந்த அழைப்பில் தீர்ப்பாயத்தின் தலைவராகக் கையெழுத்திட்டிருப்பவர் அந்தப் பதவியின் இன்றைய வாரிசு. அவர் முப்பது வயது நிறைந்த குருவாகவும், திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டமோ அதற்கு முந்தைய நிலையான உரிமப் பட்டமோ பெற்றவராகவும் இருக்க வேண்டும்.

உங்கள் உண்மையான பயம் அதிகாரத்தைப் பற்றியதல்ல, பாரபட்சத்தைப் பற்றியது. அந்தப் பயம் நியாயமானது. திருச்சபையின் வரலாறே அதற்குச் சாட்சி. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆங்கிலேயருக்கு எதிராகப் படை நடத்திய பிரான்சு நாட்டுப் புனித ஜோன் இரண்டு விதமான திருச்சபை நீதிமன்றங்களைக் கண்டவர். பதின்ம வயதில், தன்னை மணப்பதாக வாக்குக் கொடுத்தாள் என்று ஓர் இளைஞன் அவரைத் தூல் நகரத்து ஆயரின் நீதிமன்றத்துக்கு இழுத்தான். தான் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று ஜோன் அங்கே சத்தியம் செய்தார். ஒரு கிராமத்துப் பெண் தனக்காகத் தானே பேச முடிந்தது. விரும்பாத திருமணத்துக்குள் அவரைத் தள்ள அந்த வழக்கால் முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1431இல், ரூவான் நகரில் ஆயர் பியேர் கொஷோன் அவரை விசாரித்தார். கொஷோன் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். ஜோன் ஆங்கிலேயரின் சிறையில் இருந்தார். விசாரணை நடந்த நாட்களில் அவருக்காக வாதாட வழக்கறிஞர் இல்லை. திருத்தந்தையிடம் தன்னை அனுப்பும்படி அவர் கேட்டதும் காதில் ஏறவில்லை. மே 30 அன்று அவர் எரிக்கப்பட்டார். பின்னர் அவருடைய தாய் இசபெல் நியாயம் கேட்டுப் போராடினார். நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, 1456 ஜூலை 7 அன்று, அதே ரூவான் நகரில், திருத்தந்தை நியமித்த நீதிபதிகள் முந்தைய தீர்ப்பைச் செல்லாததாக்கினார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த நீதி அது, எரிந்துபோனவர் திரும்பவில்லை.

நமக்கு அருகிலும் நடந்திருக்கிறது. 1642இல் சென்னைக் கோட்டைப் பகுதியில் பணி தொடங்கிய எஃப்ரேம் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியைச் சாந்தோமில் பிடித்து, திருச்சபைக் கொள்கைக்கு மாறானவர்கள் என்று கருதியவர்களை விசாரித்துத் தண்டித்த, கோவாவில் இருந்த விசாரணை மன்றத்துக்கு (இன்குவிசிஷன்) கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். குற்றம் சாட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்கும் மன்றத்தில் யாருக்குத்தான் பாதுகாப்பு?

இன்றைய விதிகள் பலவும் இத்தகைய காயங்களிலிருந்து கற்றவை. நீதிபதியின் கையைக் கட்டுவதே அவற்றின் நோக்கம். 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், நெருப்பையும் நீரையும் வைத்துக் குற்றம் கண்டுபிடிக்கும் சோதனைகளில் குருக்கள் பங்கெடுப்பதைத் தடை செய்தது. விசாரணையில் நடப்பதையெல்லாம் எழுத்தர் ஒருவர் பதிவு செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில், ஐரோப்பாவின் சில இடங்களில் ஒற்றை நீதிபதிகள் கேட்டவுடன் திருமணங்களைச் செல்லாதவை ஆக்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்த்துப் பேச ஆளே இல்லை. அதைத் தடுக்கத் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் 1741இல் ‘திருமணப் பந்தத்தின் பாதுகாவலர்’ என்ற பதவியை உருவாக்கினார். இரண்டு நீதிமன்றங்கள் ஒரே மாதிரித் தீர்ப்புச் சொன்னால்தான் மறுமணம் என்றும் வைத்தார். அந்த இரண்டாம் தீர்ப்பு விதியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் நீக்கிவிட்டார். ஆண்டுக்கணக்கில் மக்கள் காத்துக் கிடந்ததுதான் காரணம். அது நல்ல மாற்றம் என்றே நான் நினைக்கிறேன். பாதுகாவலர் பதவி மட்டும் இன்னும் இருக்கிறது. விசாரணையில் ஒருவர் உங்கள் தங்கையின் திருமணம் செல்லும் என்ற பக்கம் நின்று வாதம் வைப்பார். அவரை எதிரி என்று நினைத்துத் தங்கை கலங்க வேண்டாம்; அது அவருடைய கடமை.

இப்போது அந்தக் குருவானவர் விஷயம். உறவு, நெருங்கிய நட்பு, பகை, ஆதாயம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் நீதிபதி அந்த வழக்கை ஏற்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1448ஆம் விதி சொல்கிறது. அவராக விலகாவிட்டால், விலக்கக் கோரும் உரிமையை 1449ஆம் விதி உங்கள் தங்கைக்குத் தருகிறது. தீர்ப்பாயத்தின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ‘வேண்டியவர்’ என்று மொட்டையாக எழுதாமல், எந்த வகையில், எவ்வளவு காலமாக என்று உண்மைகளை மட்டும் எழுதுங்கள். விசாரணை தொடங்கும் முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். நீங்கள் சந்தேகப்படுபவர் தீர்ப்பாயத்தின் தலைவரே என்றால், முடிவு செய்ய வேண்டியவர் ஆயர். எதிர்த்து எழுதினால் பங்கில் கெட்ட பெயர் வரும் என்று சிலர் பயப்படுவார்கள். சட்டம் தந்த உரிமையைக் கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

பதிலுக்கு நீங்களும் ஒரு காரியத்தைச் செய்யாதீர்கள்: தெரிந்த குருக்களைப் பிடித்து நீதிபதியிடம் ‘சொல்லி வைக்க’ வேண்டாம். பழத்தட்டோடு ஆயர் இல்லத்துக்குப் போகவும் வேண்டாம். வழக்கை முன்னிட்டு எந்தப் பரிசையும் வாங்கத் தீர்ப்பாயத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தடை இருக்கிறது.

அழைப்போடு வந்த தாள்களில், வழக்கு எந்தக் காரணத்தின்மேல் நடக்கிறது என்று எழுதியிருக்கும். அதை நிதானமாகப் படியுங்கள். திருமண வாழ்வின் கடமைகளை ஏற்க மாப்பிள்ளையால் இயலவில்லை என்பது 1095ஆம் விதி. சம்மதம் வாங்குவதற்காகவே நோயை மறைத்து ஏமாற்றினார்கள் என்பது 1098ஆம் விதி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டும் பொருந்தக்கூடும். ஒன்று விடுபட்டிருந்தால், காரணத்தைக் குறிக்கும் அந்த ஆணை கிடைத்த பத்து நாட்களுக்குள் மாற்றக் கேட்கலாம்.

நீதிபதிகள் தேடுவது ஒன்றைத்தான்: திருமண நாளன்று உண்மையான சம்மதம் இருந்ததா? பிறகு நடந்த சண்டைகள், நகைத் தகராறு, மாமியார் பேச்சு இவற்றை எவ்வளவு விவரித்தாலும், அந்த நாளைப் பற்றி ஏதாவது தெரியவந்தால்தான் பயன். ஆகவே திருமணத்துக்கு முந்தைய மருத்துவச் சீட்டுகள், மருத்துவமனை ஆவணங்கள், பெண் பார்க்க வந்தபோது பேசியவற்றை அறிந்தவர்கள், தரகர், நோயைப் பற்றி முன்பே தெரிந்த அண்டை வீட்டார் ஆகியவையே உங்கள் பலம். தங்கையின் சொந்த வாக்குமூலத்துக்கும் பெரிய மதிப்பு உண்டு. அவர் பேசும்போது கணவர் அந்த அறையில் இருக்க மாட்டார். ஒருவர் சாட்சி சொல்லும்போது மற்றவர் உடனிருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. துணைக்குத் திருச்சபை வழக்கறிஞரைக் கேளுங்கள். கட்டணம் கட்ட வசதி இல்லையென்றால் சலுகையும் கேட்கலாம்.

மூவரும் தங்கள் கருத்தைத் தனித்தனியே எழுத்தில் கொண்டுவந்து, பிறகு கூடிப் பேசிப் பெரும்பான்மையால் முடிவெடுப்பார்கள். நியாயமான ஐயம் எதுவும் மிஞ்சாத உறுதி கிடைக்காவிட்டால், ‘நிரூபிக்கப்படவில்லை’ என்றே அறிவிப்பார்கள். முதல்நிலை விசாரணை ஓராண்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதும் விதி. தாமதமானால் பணிவாக எழுத்தில் நினைவூட்டுங்கள். குழந்தை இருந்தால் கவலை வேண்டாம், திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும் திருச்சபைச் சட்டப்படி முறையான பிள்ளை என்ற குழந்தையின் நிலை மாறுவதில்லை.

தீர்ப்பு பாதகமாக வந்தால், கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் மேல்முறையீடு செய்வதாகத் தெரிவிக்க வேண்டும். வழக்கமாக அது உங்கள் மறைமாவட்டம் சேர்ந்துள்ள உயர்மறைமாவட்டத்தின் தீர்ப்பாயத்துக்குப் போகும். நேரடியாகத் திருத்தந்தையின் மேல்முறையீட்டு மன்றமான உரோமையின் ரோட்டா நீதிமன்றத்துக்கும் போகலாம். சாதகமாக வந்தாலும் அதே பதினைந்து நாட்கள் மாப்பிள்ளைக்கும், பந்தப் பாதுகாவலருக்கும் உண்டு. யாரும் மேல்முறையீடு செய்யாமல் அந்தக் கெடு முடிந்த பிறகே தீர்ப்பு நடைமுறைக்கு வரும்.