லேப்டாப்புடன் வந்த விண்டோஸை அழித்துவிட்டு, அதே கீயை வைத்து மறுபடி போட முடியுமா?

முடியும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், ஏதோ ஒரு 'கீ ஃபைண்டர்' சாஃப்ட்வேர் காட்டிய 25 எழுத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஃபார்மட் போடத் தயாராக இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்தத் தாளை நம்பி இறங்காதீர்கள். மெஷின் எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்து லைசென்ஸ் இருக்கும் இடமே மாறும்.

விஸ்டா, விண்டோஸ் 7 கால மெஷின் என்றால் அதில் இரண்டு கீ உண்டு. கம்பெனியில் போட்டு அனுப்பிய விண்டோஸுக்குள் இருப்பது, அந்தத் தயாரிப்பாளர் அந்தப் பதிப்புக்கு எல்லா மெஷினிலும் பயன்படுத்திய ஒரே பொதுக் கீ. பயாஸில் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் புரோகிராம்) உள்ள ஸ்லிக் அட்டவணையும் (தயாரிப்பாளரின் அடையாளப் பதிவு) தயாரிப்பாளரின் சான்றிதழ் கோப்பும் பொருந்தினால், இன்டர்நெட் இல்லாமலே அது ஆக்டிவேட் ஆகிவிடும். கீ ஃபைண்டர் காட்டுவது இதைத்தான். வெறும் விண்டோஸ் 7 டிஸ்க்கைப் போட்டு இந்தக் கீயை அடித்தால் ஆன்லைனில் ஆக்டிவேட் ஆகாது. உங்களுக்கென்று தனியாகத் தரப்பட்ட கீ, லேப்டாப்பின் அடியிலோ பேட்டரிக்குள் மறைந்தோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பது. அடிக்க வேண்டியது அதைத்தான். 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் அதே கீ போதும். ஆனால் ஸ்டிக்கரில் ஹோம் பிரீமியம் என்று இருந்தால் ஹோம் பிரீமியம்தான் போட வேண்டும். அல்டிமேட் போட்டால் கீ செல்லாது என்று வரும்.

ஸ்டிக்கர் தேய்ந்திருந்தால் ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் 7 கீயில் 0, 1, 5 வரவே வராது. ஏ, ஈ, ஐ, எல், என், ஓ, எஸ், யு, இஸட் ஆகிய ஆங்கில எழுத்துகளும் வராது. ஆகவே வட்டமாகத் தெரிவதை ஓ என்றோ பூஜ்யம் என்றோ அடிக்காதீர்கள். அது டி (D) அல்லது கியூ (Q). 8-ஆ பி-யா (B), 6-ஆ ஜி-யா (G) என்பதில் மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சம் அடித்து ஃபோனில் படம் எடுத்தால் மங்கிய அச்சு கொஞ்சம் தெளியும். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-லேயே நின்றுவிட்டது, அதை ஏன் போட வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். பழைய பிரிண்டர், பழைய மெஷினுக்கான சாஃப்ட்வேர் என்று ஆயிரம் காரணம் இருக்கும். நெட்டோடு இணைக்காமல் வைத்திருந்தால் சரி.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபிறகு கதை வேறு. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனிக் கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (பயாஸ் பதிந்திருக்கும் இடம்) எழுதி அனுப்புகிறார்கள். அதனால்தான் ஸ்டிக்கரில் விண்டோஸ் சின்னம் மட்டும் இருக்கிறது, கீ இல்லை. இன்ஸ்டாலர் அந்தக் கீயைத் தானே படித்துக்கொள்ளும். நீங்கள் ஒன்றும் அடிக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் 10 முதல் இதற்கும் மேலே ஒரு படி. ஆக்டிவேட் ஆன மெஷினின் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகிவிடும். இதை டிஜிட்டல் லைசென்ஸ் என்பார்கள். முன்பு 7-இலிருந்து இலவசமாக 10-க்கு மாறியவர்களுக்கும் இதே பதிவுதான். அந்த மெஷின்களில் கீ ஃபைண்டர் காட்டும் கடைசி ஐந்து எழுத்து 8எச்விஎக்ஸ்7 (8HVX7) என்றிருந்தால் அது ஹோம் பதிப்பின் பொதுக் கீ, 3வி66டி (3V66T) என்றிருந்தால் ப்ரோவின் பொதுக் கீ. உலகம் முழுக்க ஒன்றே. எழுதி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

எந்த வகை என்று தெரிய, கீபோர்டில் விண்டோஸ் சின்னம் உள்ள பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோடும் டிஎல்ஐ-யும் சேர்த்து (slmgr /dli) என்டர் கொடுங்கள். ஓஇஎம் டிஎம் (ஓஇஎம் என்றால் தயாரிப்பாளர்) என்று வந்தால் கீ ஃபர்ம்வேரில் இருக்கிறது. ஓஇஎம் எஸ்எல்பி என்றால் மேலே சொன்ன பழைய ஸ்டிக்கர் வகை. வால்யூம் என்று வந்தால், கூடவே வந்த விண்டோஸை யாரோ எடுத்துவிட்டு அலுவலக லைசென்ஸைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இனி வேலை, விண்டோஸ் 10, 11-க்கு. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்து (உள்ளே இருப்பதெல்லாம் அழியும்) மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் பூட் டிரைவ் செய்யுங்கள். அதே பென்டிரைவில் வைஃபை டிரைவரையும், 11-ஆம் தலைமுறை இன்டெலோ அதற்குப் பிந்தியதோ என்றால் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரையும் (இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கைக் காட்டிக்கொடுப்பது) விரித்துப் போட்டு வையுங்கள். இந்த ஆர்எஸ்டி இல்லாததால்தான் பலருக்கு இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரிவதில்லை. எஸ்எஸ்டி போய்விட்டது என்று பயந்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். 'லோட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.

அழிப்பதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது பிட்லாக்கர், அதாவது டிரைவை என்கிரிப்ட் செய்து பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. டி டிரைவும் என்கிரிப்ட் ஆகியிருந்தால், புது விண்டோஸ் அதைத் திறக்க 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். அதை மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்து முன்னமே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். விண்டோஸ் கீ தொலைந்தால் பணம்தான் போகும். இது தொலைந்தால் போட்டோவெல்லாம் போகும்.

பூட் மெனுவுக்கு (எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பட்டியல்) டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசூஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் முதலில் அதை எனேபிள் செய்ய வேண்டும். பட்டியலில் பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) என்று இருப்பதையே தேர்வு செய்யுங்கள். மற்றதில் போனால் 'டிஸ்க் ஜிபிடி வகையில் இருக்கிறது, இதில் போட முடியாது' என்று நின்றுவிடும். கீ கேட்டால் 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ'. பதிப்பு கேட்டால் முன்பு இருந்த அதே பதிப்பு. ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்பதும் தனிப் பதிப்புதான், ஹோம் என்று எண்ணி மாற்றிவிடாதீர்கள். ஃபர்ம்வேரில் ஹோம் கீ இருக்கும் மெஷினுக்கு நீங்கள் பிறகு ப்ரோ வாங்கியிருந்தால், இன்ஸ்டாலர் உங்களைக் கேட்காமலே ஹோமைப் போட்டுவிடும். பதற வேண்டாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் போய் ப்ரோ கீயைக் கொடுத்தால் ஃபார்மட் இல்லாமலே ப்ரோவாகிவிடும். தவறிப்போய் ப்ரோவைப் போட்டுவிட்டு ஹோமுக்கு இறங்க நினைத்தால் முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

விண்டோஸ் 11 அமைக்கும்போது வைஃபை வேலை செய்யாமல் நின்றால், ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (ஃபோனின் நெட்டைக் கணினிக்குத் தருவது) போடுங்கள். பெரும்பாலும் அது டிரைவர் கேட்காது. நெட் வந்ததும் ஆக்டிவேஷனும் தானாக நடக்கும்.

'ரீசெட் போட்டால் போதுமே, எதற்கு இவ்வளவு பெரிய பதில்' என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: போதும், விண்டோஸ் உயிரோடு இருந்தால். டிஸ்க்கே போனால் ரீசெட் எங்கிருந்து வரும்? ஒரு காலத்தில் பெட்டிக்குள் ரிகவரி டிஸ்க் வைத்துக் கொடுத்தார்கள். பிறகு அதைப் பார்ட்டிஷனாக்கி, நாம் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கிலேயே பத்து இருபது ஜிபியை எடுத்துக்கொண்டார்கள். டிஸ்க் செத்தால் ரிகவரியும் சேர்ந்து சாகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? அதோடு கூடவே வரும் ட்ரையல் ஆன்டிவைரஸ், விளையாட்டு, கேட்காத டூல்பார் வேறு. சுத்தமாகப் போடுவதற்கு அதுவே போதுமான காரணம்.

டிஸ்க், ரேம் மாற்றினால் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. மதர்போர்டு மாற்றினால்தான் சிக்கல். வாரன்டியில் தயாரிப்பாளரே மாற்றினால் பழைய லைசென்ஸ் தொடரும், ஆனால் புதுப் போர்டின் ஃபர்ம்வேரில் அவர்கள் கீயை எழுத வேண்டும். சிலர் எழுதாமலே கொடுத்துவிடுவார்கள். அப்போது கருவியில் கீ இல்லை என்று எஃப்213 என முடியும் பிழை வரும். சர்வீஸ் சென்டரை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே நெட் இணைத்து ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.