பின்பனியில் பூந்தோட்டம்: வாசகர் கேள்வி - பதில்

மொட்டை மாடியில் முதன்முறையாகப் பூச்செடி வைக்கப் போகிறேன். தை முடியப் போகிறது. நர்சரியில் டேலியா, பெட்டுனியா, சாமந்தி எல்லாம் பூத்துக் குலுங்குகின்றன. அவற்றையே வாங்கலாமா?
– வாசகி, மதுரை

தொடங்க நல்ல சமயம்தான். ஆனால் நர்சரியில் பூத்து நிற்பதைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டேலியாவும் பெட்டுனியாவும் குளிருக்கானவை. பங்குனி வெயில் ஏறியதும் வாடத் தொடங்கும். சாமந்தி, பகல் பொழுது சுருங்கும்போதுதான் மொட்டு வைக்கும். இப்போதிருக்கும் பூ முடிந்தால் அடுத்த பூவுக்கு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் மனம் விட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

நீங்கள் இப்போது போடுவது கோடைக்கான தோட்டம். ஜினியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை, நித்தியகல்யாணி, பத்துமணிப் பூ ஆகியவை மாடி வெயிலைத் தாங்கும். செண்டுமல்லியும் வைக்கலாம், உச்சி வெயில் மாதத்தில் பூ சற்றுச் சிறுக்கும், அவ்வளவுதான். மாசி முதல் வாரத்துக்குள் விதையுங்கள். மே முதல் வாரம் கத்திரி தொடங்குவதற்குள் வேர் தொட்டி முழுக்கப் பரவிவிட வேண்டும். பங்குனி பாதியில் விதைத்தால், வேர் ஓடாத இளநாற்று நேராகக் கொதிக்கும் வெயிலில் மாட்டிக்கொள்ளும். பத்துமணிப் பூவுக்கு விதையே வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் விரல் நீளத் தண்டு 5 கிள்ளி வந்து நட்டால் போதும்.

விதை நன்றாக முளைக்கிறது. மூன்றாம் நாளே தண்டு அடியில் நூலாகச் சுருங்கி, நாற்று சாய்ந்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

இது நாற்றழுகல். மண்ணிலிருக்கும் பூஞ்சணம், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் தாக்குகிறது. பனிக்காலத்தில் இரவெல்லாம் ஈரம் காயாது. அதோடு மாலையிலும் தண்ணீர் தெளித்து, விதையையும் நெருக்கமாகத் தூவியிருந்தால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அடிமண்ணோடு எடுத்துப் போட்டுவிடுங்கள். மீதி நாற்றுக்கு 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பாக்டீரியாப் பொடி) கலந்து வேர் நனைய ஊற்றுங்கள். அடுத்த முறை தோட்ட மண்ணில் விதைக்காமல் குழித்தட்டில் (சிறு சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு) விதையுங்கள். தென்னை நார்க்கழிவை 2, 3 முறை அலசிப் பிழிந்து உப்பைப் போக்கி, அதில் 3 பங்குக்கு 1 பங்கு மண்புழு உரம் கலந்துகொள்ளலாம். குழிக்கு 2 விதை. தண்ணீர் காலையில் மட்டும்.

விதைக்கும் ஆழமும் முக்கியம். செண்டுமல்லி, ஜினியாவுக்கு அரை சென்டிமீட்டர் போதும். கோழிக்கொண்டை விதை பொடியானது, மேலே தூவி விரலால் அழுத்தினாலே முளைக்கும். நித்தியகல்யாணி மட்டும் இருட்டில்தான் முளைக்கும். மெல்ல மூடி, முளை தெரியும் வரை தட்டின் மேல் ஒரு செய்தித்தாள் போட்டு வையுங்கள். முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் நாற்று வெளுத்து நெட்டையாகும்.

செண்டுமல்லி நாற்றை 25 முதல் 30 நாளில், மாலை வேளையில் தொட்டிக்கு மாற்றுங்கள். செடி வேர் பிடித்து வளரத் தொடங்கியதும் நடு நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ள மனம் வராமல் விட்டால் ஒற்றைத் தண்டாகப் போய் நாலு பூவோடு நிற்கும். கிள்ளினால் பக்கக் கிளை விடும், பூ கொஞ்சம் தள்ளி வந்தாலும் எண்ணிக்கையில் ஈடுகட்டும்.

தொட்டி மண் கலவை என்ன அளவில்?
– வாசகி, திருப்பூர்

செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரம் 1, அலசிய நார்க்கழிவு 1. 12 அங்குலத் தொட்டிக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு. எடை குறையட்டும் என்று நார்க்கழிவைக் கூட்டாதீர்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், அடியில் சொதசொதவென்று நிற்கும், வேர் அழுகும். தொழுவுரத்தில் சாண வாடை அடித்தால் அது இன்னும் மட்கவில்லை. தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வடிதுளை அடைபடாது, தளத்தின் சூடும் வேரை நேரடியாகத் தாக்காது.

குண்டுமல்லியும் முல்லையும் வைத்திருக்கிறேன். இப்போது கவாத்து (கிளை வெட்டுதல்) செய்யலாமா?
– வாசகர், திண்டுக்கல்

முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம்தான் கவாத்து. சில நாள் தள்ளிப்போனாலும் பாதகமில்லை, தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். குண்டுமல்லிக்குரிய காலம் நவம்பர் கடைசி வாரம், அது கடந்துவிட்டது. இப்போது ஒட்ட வெட்டினால் கோடைப் பூவின் முதல் சுற்று தள்ளிப்போகும். காய்ந்த குச்சி, நோயுற்ற குச்சி, உள்நோக்கி வளர்ந்தவை ஆகியவற்றை மட்டும் எடுத்து, நுனிகளை விரலளவு கத்தரியுங்கள். மல்லி புதுத் தளிரில்தான் பூக்கும். வெட்டிய பின் செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் வைத்து, நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும்படி வையுங்கள். நிழலில் வைத்தால் இலை செழிக்கும், பூ வராது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறோம். மல்லியின் புதுத் தளிர் மஞ்சளாக வருகிறது.
– வாசகி, கோவை

நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை. உப்புத் தண்ணீரின் காரத்தன்மையால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. 1 லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் (இரும்புச்சத்து உப்பு) கரைத்து, பச்சை திரும்பும் வரை மாதம் ஒருமுறை மாலையில் இலையில் தெளியுங்கள். கரைத்த உடனே தெளிக்க வேண்டும், வைத்திருந்தால் பழுப்பாகிப் பயன்படாது. தரையிலும் சுவரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது. அடி இலைகள் முழுதாக மஞ்சளானால் அது தழைச்சத்து (நைட்ரஜன்) குறை, அதற்கு மண்புழு உரம் போதும்.