கிளெய்மில் எழுதியது ஒன்று, நினைத்தது வேறு: மேல்முறையீட்டில் எது நிற்கும்?

கேட்டிருப்பது இதுதான்: காப்புரிமை கிளெய்மில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகத்தில், உள்ள சொல் ஒன்றைச் சொல்கிறது, கண்டுபிடித்தவர் நினைத்தது வேறு. மேல்முறையீட்டில் நீதிபதிகள் எதை எடுத்துக்கொள்வார்கள்?

எழுதிய சொல்லைத்தான். ஆனால் அதை வெறும் அகராதியை வைத்துப் படிக்க மாட்டார்கள். அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் அதைப் படித்தால் என்ன புரிந்துகொள்வார் என்று பார்ப்பார்கள். காப்புரிமை விண்ணப்பம் எழுதுவதுதான் என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதலில் படிக்கச் சொல்வது இரண்டு வழக்குகள்.

ஒன்று, பிரிட்டனின் கேட்னிக் வழக்கு. வாசல், ஜன்னலுக்கு மேலே வைக்கிற எஃகு லின்டல் பற்றியது. பின்பக்கத் தகடு 'செங்குத்தாக' இருக்கும் என்று கிளெய்ம் சொன்னது. ஹில் அண்ட் ஸ்மித் நிறுவனம் அதைக் கொஞ்சம் சாய்த்துச் செய்தது. ஒரு வகையில் 6 டிகிரி, இன்னொன்றில் 8 டிகிரி. 8 டிகிரி சாய்த்தும் பாரம் தாங்கும் திறன் 1.2 சதவீதம்தான் குறைந்தது. காப்புரிமை வைத்திருந்த கேட்னிக் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்று, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் மறுபடியும் ஜெயித்தது. கட்டட வேலை தெரிந்த எவரும், இம்மி பிசகாத 90 டிகிரிதான் வேண்டும் என்று இதைப் படிக்க மாட்டார், அப்படிக் கட்டுப்படுத்த ஒரு காரணமும் இல்லை என்றார் அங்கே நீதிபதியாக இருந்த டிப்லாக் பிரபு.

இன்னொன்று அமெரிக்காவில், 2004-ல் தீர்ப்பான செஃப் அமெரிக்கா வழக்கு. மேல்மாவு பூசிய பிசைந்த மாவை 400 முதல் 850 டிகிரி ஃபாரன்ஹீட் 'வெப்பநிலைக்கு'ச் சூடாக்க வேண்டும் என்று கிளெய்மில் இருந்தது. அப்படியே செய்தால், அதாவது மாவே அந்தச் சூட்டை எட்டினால், கருகிப்போகும், எதற்கும் உதவாது. அடுப்பின் சூட்டைத்தான் சொன்னோம், 'வெப்பநிலையில்' என்று படியுங்கள் என்று காப்புரிமைக்காரர் கேட்டார். அமெரிக்காவில் காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் மறுத்துவிட்டது. சொல்லில் குழப்பமே இல்லை, காப்புரிமையில் கண்டுபிடிப்பை விவரிக்கிற விளக்கவுரையிலும் வேறு பொருளுக்கு ஆதாரம் இல்லை, கிளெய்மைத் திருத்தி எழுதுவது எங்கள் வேலை இல்லை என்றது.

கொடுமையாகத் தோன்றும். ஆனாலும் இரண்டு தீர்ப்புமே சரி என்றுதான் நினைக்கிறேன். 'செங்குத்து' என்ற சொல்லுக்குள்ளேயே கொஞ்சம் இடம் இருந்தது. வேலைத்தளத்தில் யாரும் அதை டிகிரிக் கணக்கில் பேசுவதில்லை. 'வெப்பநிலைக்கு' என்பதற்குள் அந்த இடம் இல்லை. போட்டி நிறுவனம் கிளெய்மைப் படித்துத்தான் தன் தொழிற்சாலையை அமைக்கிறது. எழுதியவர் மனதில் இருந்ததை அது எங்கே போய்ப் படிக்கும்?

அதனால், மேல்முறையீட்டில் "நாங்கள் நினைத்தது இது" என்று வாதாடிப் பயனில்லை. நீங்கள் சொல்கிற பொருளுக்கு விளக்கவுரையிலும் வரைபடத்திலும் காப்புரிமை அலுவலகத் தேர்வாளரோடு நடந்த கடிதங்களிலும் ஆதாரம் தேடுங்கள். சரி, அங்கேயும் இல்லை என்றால்? அமெரிக்கக் காப்புரிமைக்கு, பிழையைத் திருத்தி மறுபடி வாங்கும் மறுவெளியீடு என்ற வழி உண்டு. ஆனால் கிளெய்மை விரிவாக்க வேண்டுமானால், காப்புரிமை கிடைத்த 2 ஆண்டுக்குள் கேட்டாக வேண்டும்.